சிங்காரத்தோப்புப் பாடம்: துன்ப நாளில் அய்யாவின் மக்கள் நடக்கும் முறை

அய்யா உண்டு.



நம் தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மத்திற்கு உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவர் மெல்லத் தம் கஷ்டத்தைச் சொல்லுவார். ஒருவருக்கு வேலை போயிருக்கும். ஒருவர் வீட்டில் நோய். இன்னொருவருக்குக் கடன். கேட்கிற நாம், "எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார், பொறுமையாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். நாம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தபின், "பொறுமை என்றால் நாளைக் காலையில் எழுந்து நான் என்ன செய்ய வேண்டும்?" என்று நினைப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்தப் பாடம்.

அடியேன் பள்ளிக்கூடப் படிப்போடு மளிகைக் கடைக்கு வந்தவன். பெரிய விளக்கம் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஏட்டில் கேட்டதையும், அனுபவத்தில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அய்யா பொறுத்துக்கொள்வாராக.

சிங்காரத்தோப்பில் நடந்தது

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 அன்று, அதாவது 1833இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டதும், சுவாமித்தோப்பில் ஆறு ஆண்டு தவம் இருந்ததும் நமக்குத் தெரியும். அந்தக் காலத்துத் தென்திருவிதாங்கூரில் நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலி இல்லாத ஊழியம். பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது. ஆண்கள் தலையில் பாகை கட்டக்கூடாது. அப்படிப்பட்ட மக்கள் ஒரே இடத்தில் திரண்டு, ஒரே கிணற்றில் குளித்து, ஒன்றாக உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஆண்டவர்களுக்குப் பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் சேவகர்கள் வந்து அய்யாவைப் பிடித்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள்.

பிடிக்க வந்தபோது கூடியிருந்த மக்கள் கொதித்தார்கள். அய்யா அவர்களைத் தடுத்து, பொறுத்திருக்கச் சொன்னார். சிறையில் நூற்றுப்பத்து நாள். மிளகாய்ப் புகை, சுண்ணாம்புக் காளவாய், பட்டினி போட்ட புலி என்று எத்தனை சோதனை வைத்தார்கள் என்பதை ஏடு வாசிக்கும்போது கேட்டிருக்கிறோம். அத்தனையும் கடந்து மாசி 19 அன்று அய்யா விடுதலையானார். இன்றும் மாசி மாதம் திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் ஊர்வலங்கள் நாகர்கோவில் வந்து சேர்ந்து, 20ஆம் நாள் சுவாமித்தோப்புக்கு நடந்து போவது அந்த நினைவோடுதான்.

இனி, விடுதலைக்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அய்யா பழி தீர்க்க ஆள் திரட்டவில்லை. தமக்கு மாளிகை கட்டச் சொல்லவும் இல்லை. எழுநூறு குடும்பங்களைக் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரையில், வாகைப்பதியில், துவையல் தவசுக்கு அனுப்பினார். தினமும் மூன்று வேளை கடலில் துணி துவைத்துக் குளிக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து ஒரு வேளை மட்டும் உண்ண வேண்டும். அந்த மக்களுக்கு அப்போது வரி குறையவில்லை. ஊழியம் நிற்கவில்லை. வெளியில் எதுவும் மாறவில்லை. ஆனால் பொழுது விடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்று. பெண்கள் தோள்சீலை அணியலாம் என்று அரசு உத்தரவு வந்தது 1859இல். அய்யா வைகுண்டம் சென்றது 1851 வைகாசியில். அதற்கும் எட்டு ஆண்டுக்குப் பிறகுதான் உத்தரவு வருகிறது. அந்த உத்தரவுக்குக் காத்திருந்தா நம் முன்னோர் நிமிர்ந்தார்கள்? அய்யா சொன்ன அன்றே தலைப்பாகை கட்டினார்கள். பள்ளியறைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றார்கள். காலம் மாறுவதற்கு முன்பே தங்களை மாற்றிக்கொண்டார்கள். அய்யா கற்பித்த பொறுமை இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். துன்பம் நீங்கும் வரை காத்துக் கிடக்காமல், துன்பம் இருக்கும்போதே அன்றைய கடமையை அன்றைக்குச் செய்வது.

இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. 2015இல்தான் புரிந்தது.

முடிச்சூரில் என் கடை

அப்போது எனக்கு முடிச்சூர்ப் பக்கம் ஒரு சிறிய மளிகைக் கடை. அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்தது. நவம்பர் நடுவில் ஒரு முறை கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டுச் சரக்கு போயிற்று. வட்டிக்குக் கடன் வாங்கித் திரும்பவும் சரக்கு நிரப்பினேன்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. கார்த்திகை மாதம், திருஏடு வாசிப்புக் காலம். அன்று பகலும் இரவும் பெய்தது மழையே இல்லை, வானம் உடைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒரே ஏரியாகிவிட்டன. நாங்கள் இரவோடு இரவாக மாடிக்கு ஏறினோம். மறுநாள் படகில் வந்து இறக்கினார்கள்.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது, பிரிட்ஜ் கவிழ்ந்து கிடந்தது. உப்பும் வெல்லமும் கரைந்து போயிருந்தன. நாற்பது சிப்பம் அரிசி ஊறிப் புளித்து நாறியது. கல்லாவுக்குள் இருந்த பற்று நோட்டு சேறாகியிருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கே போயிற்று. சரக்கு போனால் திரும்ப வாங்கலாம். நோட்டு போனபோதுதான் எனக்குக் கால் தளர்ந்தது.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர், கிரகம் சரியில்லை, ஒரு பரிகாரம் செய்துவிட்டு அப்புறம் கடையைத் திற என்றார். கையில் காசிருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். காணிக்கை கைக்கூலி எதுவும் வேண்டாம் என்று சொன்ன அய்யாவின் பிள்ளை நான். அது என் நினைவுக்கே வரவில்லை. துன்பம் மனிதனை எவ்வளவு மறக்கடிக்கிறது என்பதற்காக இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் நம் தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவர் என்னைத் தேடி வந்தார்.

"மக்களே, உகப்படிப்புக்கு ஏன் வரல?"

எனக்குக் கோபம் வந்தது. "கடையே போச்சு. இதுல படிப்புக்கு எங்க வர?"

"கடை போச்சு, சரி. விடியக்காலம் போகலையே. வா, அங்க பம்பு அடிக்க ஆள் இல்ல."

மேற்குத் தாம்பரம் மேட்டில் இருந்ததால் தாங்கலுக்குள் தண்ணீர் ஏறவில்லை. தெரு முழுக்கக் கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது. தாங்கலின் அடிபம்பில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. விடிவதற்கு முன்பே குடத்தோடு வரிசை. இந்தத் தெரு, அந்தத் தெரு, இந்த மதம், அந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. முத்திரிக்கிணற்றைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அதை என் தோள் வலியில் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் பம்பு அடித்தேன். உள்ளே அரிசியும் சிறுபயறும் போட்டுக் கஞ்சி வெந்துகொண்டிருந்தது. இருந்தது அதுதான். துவையல் தவசு இருந்த நம் முன்னோர் உண்டதும் அதுவே என்பது சாப்பிடும்போதுதான் தோன்றியது. அன்று இரவு, வெள்ளம் வந்தபின் முதல் முறையாக, நான் தூங்கினேன்.

சோதனை முடிந்துவிடவில்லை. மறுநாள் மினி லாரியோடு ஒருவர் வந்தார். நனைந்த அரிசியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், காயவைத்து மாவுக்குப் போடலாம் என்றும் சொன்னார். நாற்பது சிப்பம். வட்டிக்கடனில் பெரும்பகுதி அடைந்துவிடும். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய அரிசி அது. என் மனைவி வாசலைக் கழுவிக்கொண்டே, "அந்த மாவுல எந்தப் பிள்ளை தோசை தின்னப் போகுதோ" என்றாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் அந்த ஆளை அனுப்பிவிட்டேன். அரிசியைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது அழுதேன் என்பதும் உண்மை.

நோட்டுக் கணக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். கடையைத் திறந்த வாரத்தில், வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்து, "என் கணக்கு நூற்றெண்பது ரூபாய் அண்ணாச்சி, நோட்டுல இல்லாட்டியும் எனக்குத் தெரியும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலும் கழுத்தளவு தண்ணீர். அவரைப் போலப் பலர் வந்தார்கள். ஏறக்குறையப் பாதிக் கணக்கு திரும்பியது. மீதிப் பேர் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குச் சில காலம் வருத்தம் இருந்தது. அவர்களையும் அதே வெள்ளம்தான் அடித்தது என்று நினைத்து அந்த வருத்தத்தையும் விட்டேன். கடன் அடைய மூன்று வருடம் ஆயிற்று. அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் நான் விழுந்த இடத்திலேயே கிடக்கவில்லை.

இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நித்தியக் கடமையை விடாதீர்கள். துன்பம் வந்ததும் முதலில் நாம் விடுவது குளியலை, நாமம் தரிப்பதை, உகப்படிப்பை, நேரத்துக்கு உண்பதை. மனம் சரியானதும் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம். செய்தால்தான் மனம் சரியாகும். துவையல் தவசின் சூட்சுமம் இதுவே. விடிந்ததும் எழு, துவை, குளி, நாமம் தரி, அய்யாவை நினை. பெரிய வேலை எதுவும் முடியாத நாளிலும் இந்தச் சிறிய வேலைகள் முடியும்.

இரண்டாவது, நம்மிலும் தாழ்ந்து கிடப்பவரைத் தேடுங்கள். தாழ்ந்தவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யாவின் உபதேசம். இதைக் கையில் காசு இருப்பவருக்குச் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. அய்யா அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றும் இல்லாதவர்கள். கொடுக்க எதுவும் இல்லாவிட்டாலும் பம்பு அடிக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகலாம். அடுத்தவர் பிள்ளையைப் பள்ளியில் விடலாம். நம் துன்பம் அதனால் மறைந்துவிடாது. ஆனால் அது மட்டுமே உலகம் என்ற எண்ணம் போய்விடும்.

மூன்றாவது, துன்பத்தைக் காரணம் காட்டித் தப்பு வழியில் இறங்காதீர்கள். எனக்கு அந்த மினி லாரி வந்தது போல, துன்பத்தில் இருப்பவன் வாசலுக்குத்தான் கலி முதலில் வருகிறான். அவசரத்துக்கு ஒரு பொய், அவசரத்துக்கு ஒரு கந்துவட்டி, கவலை மறக்க ஒரு பாட்டில் என்று ஏதாவது ஒன்றை நீட்டுவான். சிறையிலும் அய்யா தம்மை வதைத்தவர்களைப் போல மாறவில்லை. நமக்குச் செய்தவன் போல நாமும் ஆகிவிட்டால், அங்கேதான் உண்மையான தோல்வி.

நான்காவது, கண்ணாடியை மறக்காதீர்கள். பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு அதன் முன் நிற்கும்போது தெரிவது கடன்காரனோ நோயாளியோ இல்லை. அய்யா உறைகிற ஓர் உயிர். என்னதான் இழந்தாலும் அந்த உயிரின் மதிப்பு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொறுமை என்ற பேரில் நோயை மறைக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், வாழ்வதே வேண்டாம் என்று ஒருவர் பேசினால், "அய்யாவை நினை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. பதமும் நாமமும் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆலோசனை சொல்ல அரசு ஆள் வைத்திருக்கிறது. ஒருவரைத் தனியாக விடாமல் இருப்பதும் பணிவிடைதான்.

எட்டு வருடம் கழித்து

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடியும் தண்ணீர். இந்த முறை நாங்கள் கொஞ்சம் பழகியிருந்தோம். ஐப்பசியிலேயே சரக்கை மேல்தட்டுக்கு ஏற்றியிருந்தேன். பற்று நோட்டும் வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் உறையில் மாடியில் இருந்தன. எந்தத் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார் என்று தாங்கலில் எழுதி வைத்திருந்தோம். முன்கூட்டியே செய்கிற ஏற்பாடும் பொறுமையில் ஒரு பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

நம் வீட்டுச் சுவரின் ஈரம் காயவில்லை. அதற்குள் டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் சொந்த ஊர்ப் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகித் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம். அந்த நிலையிலும் பக்கத்துக் கிராமத்து மக்கள் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். தங்கள் ஊரே தண்ணீரில் இருக்கும்போது!

அந்தச் செய்தி கேட்ட ஞாயிற்றுக்கிழமை நம் தாங்கலில் யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் பாயும் போர்வையும் இழந்தவர்களே புதுப் பாய், போர்வை, அரிசி, பிஸ்கட் என்று கொண்டுவந்து வைத்தார்கள். 2015இல் என்னிடம் நூற்றெண்பது ரூபாய் கொடுத்த அந்த அம்மா நம் வழியைச் சேர்ந்தவர்கூட இல்லை. அவரும் ஒரு சேலை கொண்டுவந்தார். "எங்களுக்கு அன்னைக்குத் தண்ணி குடுத்தீங்களே" என்றார். அன்று பம்பு அடித்தவர்களில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டில் அமர்ந்து சிந்திக்க

1. போன முறை துன்பம் வந்தபோது நான் முதலில் கைவிட்ட நல்ல பழக்கம் எது? அடுத்த முறை அதை விடாமல் இருக்க வீட்டில் யார் எனக்கு நினைவூட்டுவார்?

2. என் தெருவில் என்னைவிடக் கஷ்டத்தில் இருப்பவர் யார்? இந்த வாரம் அவருக்கு என்னால் ஆகக்கூடிய ஒரு காரியம் என்ன?

3. கஷ்டத்தைச் சொல்லி நான் சரிக்கட்டிக்கொண்ட தப்பு ஏதாவது உண்டா? அதைத் திருத்த என்ன வழி?

4. தாங்கலில் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சில வாரமாக வரவில்லையா? அவரைத் தேடிப் போனோமா?

நாலாவது கேள்வியை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், மக்களே. அன்று அந்தப் பெரியவர் என்னைத் தேடி வராமல் இருந்திருந்தால், இந்தப் பாடத்தை எழுத நான் தாம்பரத்தில் இருந்திருக்க மாட்டேன்.

அய்யா உண்டு.